இயந்திரத்தின் ஓசையும் கேமின் வடிவமும்

மோட்டார் சைக்கிள் ஒன்று தெருவில் செல்லும்போது நம் காதில் விழுவது ஒரே ஓசை அன்று. பல ஓசைகளின் கலவை அது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு பழைய புல்லட் வண்டி நின்ற நிலையிலேயே இயங்கிக்கொண்டிருந்தால், சற்றுச் செவி கொடுத்துக் கேளுங்கள். முதலில் கேட்பது புகைக்குழாயிலிருந்து வரும் கனத்த முழக்கம். அதனூடே, பக்கத்து வீட்டில் தையல் இயந்திரம் ஓடுவது போல, ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஓசை ஒன்றும் கேட்கும். முழக்கத்தை எல்லாரும் கேட்கிறார்கள். டிக்கென்னும் ஓசையைத் தேர்ந்த மெக்கானிக் கேட்கிறார். தம் வண்டியில் அக்கறை உள்ளவரும் கேட்கிறார்.

அந்தச் சிறிய ஓசையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது எங்கே பிறக்கிறது? அதைக் குறைப்பது எப்படி? இளைஞர் பலர் ஆசைப்படுவது போல, பெரிய கேம் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் இயந்திரம் உயர்ந்துவிடுமா? இந்த மூன்று வினாக்களும் வெவ்வேறு வினாக்களாகத் தோன்றினாலும், மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. உருண்டை அல்லாத ஒரு சிறு இரும்புத் துண்டின் வடிவத்தில்தான் அது இருக்கிறது.

கேம் என்பது யாது? வட்டமான சக்கரம் ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் முட்டையின் முனைபோல நீட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது சுழலும்போது, அதன்மீது தங்கியிருக்கும் பொருள், வட்டப் பகுதி வரும் வரையில் அசையாமல் இருக்கும். நீண்ட பகுதி வந்ததும் மேலே எழும். பிறகு மீண்டும் இறங்கும். சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் கருவி இது. தையல் இயந்திரத்தில் நூலை மேலும் கீழும் இழுக்கும் சிறு நெம்பு, பல இயந்திரங்களில் கேமினால்தான் அசைகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1206ஆம் ஆண்டில் தம் நூலை முடித்த அல்-ஜஸரி என்னும் மேற்காசிய அறிஞர், நீரால் இயங்கும் கடிகாரத்தில் கேம்கள் பொருத்திய தண்டினைப் பயன்படுத்தியிருக்கிறார்.

மோட்டார் சைக்கிளில் கேமின் வேலை வால்வுகளைத் திறப்பது. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலந்த காற்று வருவதற்கு ஒரு வால்வு; எரிந்த புகை வெளியேறுவதற்கு ஒரு வால்வு. கேம் தள்ளித் திறக்கிறது. ஸ்பிரிங் இழுத்து மூடுகிறது. நான்கு வீச்சு இயந்திரத்தில் கிராங்குத்தண்டு இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்றும். நிமிஷத்துக்கு 1,000 சுற்று என்னும் மெதுவான வேகத்தில் இயந்திரம் ஓடும்போது, ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 500 முறை திறந்து மூடுகிறது. அதாவது வினாடிக்கு எட்டு முறைக்கும் சற்று அதிகம். வேகத்தை 5,000 சுற்றுக்கு உயர்த்தினால் வினாடிக்கு நாற்பது முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். இவ்வளவு வேலையையும் ஓசையின்றிச் செய்ய வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம்.

இந்தப் பாடத்தைக் கற்பதற்குச் சென்னையைவிட ஏற்ற நகரம் நம் நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும், நம் நகரத்து மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955இல் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உறுப்புகள் இங்கிலாந்திலிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு இங்கேயே செய்யப்பட்டன. ஆங்கில நிறுவனம் 1970இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. திருவொற்றியூரில் புல்லட் வண்டி தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. எஞ்சின் வால்வுகள் செய்யும் ரானே குழுமத்தின் நிறுவனம் இந்நகரில் 1959இல் தொடங்கியது. அடையாற்றை அடுத்த வனத்தில், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். செய்யும் கையும் ஆராயும் அறிவும் இவ்வாறு ஒரே ஊரில் அமைந்திருக்கின்றன.

பழைய புல்லட் இயந்திரத்தின் அமைப்பைப் பார்ப்போம். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் உடைய சிலிண்டர். கன அளவு 346 சி.சி. அதன் கேம்கள் இரண்டும் கீழே, கிராங்குத்தண்டின் அருகே, தனித்தனிப் பல்சக்கரங்களுடன் சுழல்கின்றன. வால்வுகளோ மேலே சிலிண்டர் தலையில் இருக்கின்றன. கீழே உள்ள கேம், டாப்பெட் என்னும் சிறு உறுப்பைத் தூக்குகிறது. டாப்பெட் நீண்ட தள்ளுதண்டைத் தூக்குகிறது. தண்டு, ராக்கர் என்னும் நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்குகிறது. ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்துகிறது. ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை உறுப்புகள் கைமாற்றிக் கொடுக்கும் வேலை இது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு சிறு சந்து உண்டு. அந்தச் சந்து மூடும்போது உலோகத்தோடு உலோகம் மோதுகிறது. நாம் கேட்கும் ‘டிக்’ அதுதான்.

அப்படியானால் சந்தே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். உலோகம் வெப்பத்தில் விரிவடையும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். இயந்திரம் சூடேறும்போது வால்வு நீள்கிறது, சிலிண்டரும் உயர்கிறது, தள்ளுதண்டும் வளர்கிறது. எல்லாம் ஒரே அளவில் வளர்வதில்லை. கேம் தலையிலேயே அமைந்த இயந்திரங்களில் வால்வு நீளுவதால் சந்து குறையும். ஆதலால் குளிர்ந்த நிலையில் முன்கூட்டியே சிறிது இடம் விட்டு வைக்கிறார்கள். அந்த இடத்தின் அளவு பெரும்பாலும் நீங்கள் எழுதும் நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனம், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர். சில இயந்திரங்களில் அதற்குக் கூடுதல், சிலவற்றில் குறைவு. பழைய புல்லட்டிலோ நிலைமை வேறு. அங்கே சூடேறும்போது சிலிண்டரும் தலையும் தள்ளுதண்டைவிட அதிகமாக வளர்வதால் சந்து தானே பிறக்கும். ஆகவே குளிர்ந்த நிலையில், பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் இருக்கும்போது, சந்து இல்லாதபடி திருத்த வேண்டும். தண்டினை விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதுவே அதன் அளவு. ஒரு வண்டிக்குச் சரியான அளவு மற்றொரு வண்டிக்குத் தவறாகும். அவ்வவ் வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இனி, சந்து ஒன்றே ஓசைக்குக் காரணமா என்பதை ஆராய்வோம். கபாலீசுவரர் கோயிலின் பங்குனித் திருவிழாவில் தேர் வடம் பிடிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வடம் தொய்ந்து கிடக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் தேர் அதிரும், வடமும் நைந்துபோகும். அனுபவம் உள்ளவர்கள் முதலில் மெல்ல இழுத்துத் தொய்வை வாங்குவார்கள். வடம் இறுகிய பிறகே முழு வலிமையையும் காட்டுவார்கள். நல்ல கேமும் இதையே செய்கிறது. வட்டப் பகுதி முடிந்தவுடனே செங்குத்தாக எழாமல், தொடக்கத்தில் மிகச் சரிவான ஒரு பாதையை அதன் வடிவத்திலேயே அமைத்திருப்பார்கள். டாப்பெட் அந்தச் சரிவில் மெல்ல ஏறிச் சந்தை மூடும். பிறகுதான் வேகமாக எழும். வால்வு மூடும் பக்கத்திலும் இவ்வாறே ஒரு சரிவு உண்டு. வால்வைத் தன் இருக்கையில் தடாலென்று விழவிடாமல், கையால் வைப்பதுபோல வைப்பது அதன் வேலை.

இங்கேதான் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். சரிவின் உயரம் மிகவும் சிறியது. குறிப்பிட்ட அளவுக்குள் சந்து இருக்கும் வரையில், மோதல் அந்த மெல்லிய சரிவிலேயே நிகழ்ந்துவிடும். சந்து அந்த உயரத்தைக் கடந்துவிட்டால், டாப்பெட் சரிவைத் தொடாமல், அதற்கப்பால் உள்ள செங்குத்தான பக்கத்தில் போய் மோதும். ஆகவே சந்து சிறிது கூடினால் ஓசையும் சிறிதுதான் கூடும் என்று எண்ணக் கூடாது. ஓர் எல்லைவரை மெல்லக் கூடி, எல்லையைத் தாண்டியதும் சட்டென்று பெருகும். வண்டி நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று சத்தமிடுகிறது என்று பலர் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. தேய்மானம் மெல்லத்தான் நடந்தது; எல்லை மட்டும் இன்று தாண்டப்பட்டது.

ஓசை கூடினால் தீங்கு என்பது தெளிவு. ஓசை முற்றிலும் நின்றுவிட்டால் அதைவிடப் பெரிய தீங்கு நேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. என்னிடம் படித்த ஒருவர் மயிலாப்பூரில் சிறிய பட்டறை ஒன்று நடத்துகிறார். வேறோர் இடத்தில் பழுது பார்த்த வண்டியை இளைஞர் ஒருவர் அவரிடம் தள்ளிக்கொண்டு வந்தாராம். வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த வருவாயில் கல்லூரிச் சம்பளம் கட்டுபவர் அவர். டாப்பெட் ஓசை பிடிக்கவில்லை என்று சொல்லி, ஓசையே கேட்காதபடி இறுக்கச் செய்திருக்கிறார். சில வாரங்கள் வண்டி மௌனமாக ஓடியது. பிறகு காலையில் கிளம்ப மறுத்தது. மேம்பாலத்தில் ஏறத் திணறியது. இறுதியில் நின்றே போயிற்று. தலையைக் கழற்றிப் பார்த்தபோது புகை வால்வின் விளிம்பு கருகி, ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது.

காரணம் எளியது. புகை வால்வு நெருப்பின் நடுவே வாழ்கிறது. அது பெறும் வெப்பத்தின் பெரும்பகுதி, அது மூடி இருக்கையில் அமரும் நேரத்தில்தான் சிலிண்டர் தலைக்குள் கடந்து செல்கிறது. டாப்பெட்டை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால் வால்வு முழுதும் அமராது. மயிரிழை இடைவெளி வழியே நெருப்பு சீறிப் பாயும், வெப்பம் வெளியேற வழி இருக்காது, விளிம்பு கருகும். அந்த இளைஞருக்குப் புது வால்வு, இருக்கையைத் தேய்த்துச் செம்மைசெய்யும் கூலி, வேலைக்குப் போகாத நாட்களின் வருவாய் எல்லாம் சேர்ந்து ஒரு பருவத்தின் சம்பளமே போயிற்று. பழைய மெக்கானிக்குகள், ‘டாப்பெட் பேசினால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம்’ என்பார்கள். அளவான மெல்லிய ஓசை, வால்வு தன் இருக்கையில் அமர்கிறது என்பதற்குச் சாட்சி.

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். பெரிய கேம் பொருத்துவதால் பயன் உண்டா? உண்டு, ஆனால் எங்கே, எப்போது என்று கேட்க வேண்டும். பெரிய கேம் என்று சொல்வது இரண்டு மாற்றங்களைக் குறிக்கும். ஒன்று, வால்வு அதிக உயரம் திறக்கிறது. மற்றொன்று, அதிக நேரம் திறந்திருக்கிறது. இயந்திரம் மிக வேகமாக ஓடும்போது காற்று உள்ளே வருவதற்கு நேரம் போதாது. அந்த வேளையில் வாயிலை அகலமாகவும் நெடுநேரமும் திறந்து வைப்பது நன்மை, ஆற்றல் பெருகும். ஆனால் மெதுவாக ஓடும்போது அதே நெடுநேரம் கேடாகிறது. பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பின்னும் வால்வு மூடாதிருந்தால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். இரு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமும் கூடுவதால் புகையும் கலவையும் கலக்கும். இயந்திரம் தள்ளாடும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும்.

சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் முன்பு மோட்டார் பந்தயங்கள் நடந்து வந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் அமைந்தது. அத்தகைய இடங்களில் இயந்திரம் எப்போதும் உயர்ந்த வேகத்திலேயே ஓடும். பெரிய கேம் அங்கே பொருத்தமானது. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் மாலை ஆறு மணிக்குச் செல்லும் வண்டிக்கு அது எதற்கு? பனகல் பூங்காவிலிருந்து அடையாறு போய்ச் சேரும் வரையில் அந்த வண்டி பெரும்பாலும் தாழ்ந்த வேகத்தில்தான் ஓடுகிறது. தன் வாழ்நாளில் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்காக, மற்றத் தொண்ணூற்றொன்பது பங்கையும் கெடுத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

அன்றியும், கேமை மட்டும் மாற்றினால் போதாது. கணிதம் படிப்பவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். இயந்திரத்தின் வேகம் இரு மடங்கானால் வால்வின் முடுக்கம் நான்கு மடங்காகும். வேகம் ஐந்து மடங்கானால் முடுக்கம் இருபத்தைந்து மடங்கு. கேம் தூக்கி எறிந்த வால்வை மீண்டும் கேமின் மீதே பற்றி நிறுத்தும் பொறுப்பு ஸ்பிரிங்குக்கு உரியது. அதற்கு வலிமை போதாவிட்டால் வால்வு கேமை விட்டு மிதக்கும். பிறகு வந்து மோதும். அப்போது எழும் ஓசை டிக்கென்று இராது; கலகலவென்று சிதறும். வலிமையான ஸ்பிரிங் போட்டாலோ கேமும் டாப்பெட்டும் விரைவில் தேயும். வால்வு முன்னிலும் ஆழமாக இறங்குவதால் பிஸ்டனின் தலையில் மோதவும் கூடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் பிஸ்டனின் மீது மென்மையான களிமண் போன்ற பொருளை வைத்து, கையால் சுற்றிப் பார்த்து, பதிந்த தடத்தின் கனத்தை அளந்த பிறகே மேலே செல்வார்கள். அதிக உயரத்தைக் குறைந்த நேரத்தில் எட்ட விரும்பும் கேமில் மெல்லிய சரிவுக்கு இடமும் குறைவு. ஆகவே பந்தயக் கேம் சற்று அதிகமாக ஓசையிடுவது பெரும்பாலும் அதன் பிறவிக் குணம். வேகமும் வேண்டும், மௌனமும் வேண்டும், நீண்ட ஆயுளும் வேண்டும் என்றால், ஏதேனும் ஒன்றில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஓசையைக் குறைப்பதற்கு உலகம் மேற்கொண்ட முயற்சிகளும் இதே பாடத்தைக் கற்பிக்கின்றன. சார்லஸ் நைட் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், தம் காரின் வால்வு ஓசையைப் பொறுக்க மாட்டாமல், வால்வுகளுக்குப் பதிலாகச் சிலிண்டருக்குள் வழுக்கி ஓடும் உறைகளை அமைத்தார். இங்கிலாந்தின் டெய்ம்லர் நிறுவனம் 1908இல் அதனை ஏற்றது. இயந்திரம் மௌனமாக ஓடியது உண்மை. ஆனால் எண்ணெயை மிகுதியாகக் குடித்தது, புகையும் கக்கியது. காலப்போக்கில் அந்த முறை மறைந்தது. 1930இல் வெளிவந்த பதினாறு சிலிண்டர் கடிலாக் காரில், எண்ணெயின் அழுத்தத்தாலேயே சந்தைத் தானாக மூடிக்கொள்ளும் அமைப்பை வைத்தார்கள். எண்ணெயை அழுத்திச் சுருக்குவது அரிது என்னும் இயற்கை விதியே அதற்கு அடிப்படை. உலோகங்களின் நடுவே எண்ணெய் ஒரு மெத்தைபோல நின்று, வெப்பத்துக்கு ஏற்பத் தன் உயரத்தைத் தானே திருத்திக்கொள்ளும்.

அந்த முறை நம் சென்னை வண்டிக்கும் வந்தது. புல்லட்டின் பழைய இரும்பு இயந்திரத்துக்குப் பின், எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய இயந்திரம் வந்தபோது, அதில் எண்ணெய் டாப்பெட்டுகள் வைத்தார்கள். கையால் திருத்தும் வேலை நின்றது, ஓசையும் அடங்கியது. ஆனால் எண்ணெய் அழுக்கானாலோ, அளவு குறைந்தாலோ அவையும் டிக்கென்று சொல்லத் தொடங்கும். 2020 நவம்பரில் வெளிவந்த மீட்டியோர் வண்டியின் 349 சி.சி. இயந்திரத்தில் தள்ளுதண்டே இல்லை. கேம் தலைக்கே ஏறிவிட்டது. கைமாற்றங்கள் குறைந்தன; அசையும் எடை குறைந்தது. பழைய இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுக் கேட்டுத் திருத்திய அறிவே இவ்வாறு புதிய வடிவம் பெற்றது எனலாம்.

வண்டி வைத்திருப்போர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்கிறேன். ஓசை கேட்டவுடன் ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் எண்ணெயின் அளவையும் தூய்மையையும் பாருங்கள். அடுத்து, ஓசை குளிர்ந்தபோது மிகுதியா, சூடேறிய பின் மிகுதியா என்று கவனியுங்கள். பிறகு அதன் காலப்பிரமாணத்தைக் கேளுங்கள். மார்கழிக் கச்சேரியில் தாளம் போட்டுப் பழகிய மயிலாப்பூர்க் காதுகளுக்கு இது எளிது. ஒரு வால்வின் ஓசை கிராங்குத்தண்டு இரு முறை சுற்றுவதற்கு ஒரு முறைதான் வரும். பல்சக்கரங்களின் ஓசையோ தொடர்ந்து இரைச்சலாக வரும். கிராங்குத்தண்டின் தாங்கி தேய்ந்தால் எழும் ஓசை தாழ்ந்த குரலில் கனமாக இடிக்கும். அதைக் கேட்டால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, குளிர்ந்த நிலையில் கையேட்டின்படி சந்தை அளந்து திருத்துங்கள். திருத்திய பின்னும் ஓசை குறையாவிட்டால், கேமின் முகமோ, டாப்பெட்டின் அடியோ, ராக்கரின் துளையோ தேய்ந்திருக்கக்கூடும். தேய்ந்த உறுப்பை இறுக்கி மறைக்கக் கூடாது, மாற்ற வேண்டும்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். சைலன்சரைக் கழற்றிவிட்டு, இடி முழங்க வண்டி ஓட்டுவதைச் சிலர் வீரம் என்று கருதுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் வரம்பு இன்னும் குறைவு. நோயாளியும் குழந்தையும் உறங்கும் தெருவில் முழங்கிச் செல்வது பிறர்க்குச் செய்யும் தீங்கு. அது தன் வண்டிக்கும் செய்யும் தீங்கு. முழக்கத்தின் நடுவே அந்தச் சிறிய ‘டிக்’ ஓசை எப்படிக் கேட்கும்? வால்வு கருகுவதற்கு முன்னரும், கேம் தேய்வதற்கு முன்னரும் இயந்திரம் சொல்லும் எச்சரிக்கையை அவர் இழந்துவிடுகிறார்.

மாணவ நண்பர்களே, ஒரு சிறு பயிற்சியோடு முடிக்கிறேன். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் நூறு தாள்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து, அளவுகோலால் அவற்றின் கனத்தை அளந்து, நூறால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் அந்தச் சிறு அளவுதான் ஓர் இயந்திரத்தின் நலத்துக்கும் கேட்டுக்கும் இடையே உள்ள தொலைவு. அதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஆசையாலும் மதிப்பிட முடியாது. செவியால் கேட்டு, கருவியால் அளந்து, காரணத்தை அறிந்து திருத்த வேண்டும். எந்தத் தொழிலுக்குச் சென்றாலும் இந்த மூன்றும் உங்களுக்குத் துணை நிற்கும்.